ஒன்பதாம் அறை கூப்பிடுகிறது

இதை நம்புங்கள் என்று யாரையும் கெஞ்சப் போவதில்லை. கூடப் பிறந்த அண்ணனே நம்பவில்லை. நம்பவில்லை என்று வெளியே சொல்லிக்கொள்கிறான், அவ்வளவுதான். ஆனால் கைச்சரக்கு என்று ஒரு சொல்கூட இதில் நான் சேர்க்கவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

எனக்கு நாற்பத்து மூன்று வயது. பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ரகம். என் தொழில் அப்படி. விளக்கு தானாக எரிகிறது, கதவு தானாகத் திறக்கிறது, ஆளில்லாத அறையில் போன் அடிக்கிறது என்று புகார் வரும். நான் போய் எந்த ஒயர் எதோடு உரசுகிறது என்று பார்த்துச் சரிசெய்துவிட்டு வருவேன். இருபது வருடமாக இதுதான் பிழைப்பு. காரணம் தெரியாமல் திரும்பி வந்தது ஒரே ஒரு இடத்திலிருந்துதான்.

அந்த இடம் ஒரு முதியோர் இல்லம். மூன்று தளம், தளத்துக்குப் பத்து அறை. ஒவ்வொரு அறையிலும் கட்டில் தலைமாட்டில் ஒரு ஒயர் தொங்கும். அதன் நுனியில் பேரிக்காய் வடிவத்தில் ஒரு ஸ்விட்ச். அதை அழுத்தினால் அறை வாசலுக்கு மேலே சிவப்பு விளக்கு எரியும், சிஸ்டரின் கார்ட்லெஸ் போனில் அறை எண் வரும். கேட்பதற்கு எளிதாக இருக்கிறது. உள்ளே இருக்கிற கூத்து எங்களுக்குத்தான் தெரியும்.

ஸ்விட்சும் விளக்கும் முப்பது வருடப் பழசு. இன்டர்காம் வேறொருவர் மாட்டியது. கார்ட்லெஸ் போன்கள் வேறு கம்பெனி. கதவுப் பூட்டு, லிப்ட், தீ எச்சரிக்கை எல்லாம் தனித்தனிக் காலத்தில் வந்து சேர்ந்தவை. ஒன்று பேசுவது இன்னொன்றுக்குப் புரியாது. எல்லாவற்றுக்கும் நடுவில் உட்கார்ந்து ஒன்று சொல்வதை மற்றொன்றுக்கு மொழிபெயர்த்துச் சொல்வது ஒரு கேட்வே. நாங்கள் அதைப் பெட்டி என்றுதான் சொல்வோம். பேச்சுவார்த்தை இல்லாத அண்ணன் தம்பிகளுக்கு நடுவில் தூது போகிற மருமகளைப் போல, எல்லாரிடமும் திட்டு வாங்குவதும் அதுதான்.

அந்தப் பெட்டியை வைத்தது என் அண்ணன். கான்ட்ராக்ட் அவனுடையது. நான் அவனிடம் வேலை செய்கிறேன். தங்கை என்பதால் சம்பளம் எப்போது கேட்டாலும் அடுத்த வாரம்.

எங்கள் அப்பாவும் அங்கேதான் இருந்தார். இரண்டாம் தளம், இருபத்திரண்டாம் அறை. முப்பது வருடம் பஸ் கண்டக்டர். அவர் குரல் கொடுத்தால் பஸ்ஸின் கடைசி சீட்டில் தூங்குகிறவன்கூட எழுந்து இறங்கிவிடுவான். பக்கவாதம் வந்தபோது வலது பக்கத்தோடு சேர்த்து அந்தக் குரலையும் கொண்டுபோய்விட்டது. இடது கை மட்டும் மிச்சம். அந்தப் பேரிக்காய் ஸ்விட்ச்தான் இனி அவர் வாய். நான் போகும்போதெல்லாம் அதைத் தலையணையோடு சேர்த்து ஊக்கு குத்திவிட்டு வருவேன்.

வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறேன் என்று நான் சொன்னேன். அண்ணன் கேட்கவில்லை. "அங்க இருபத்துநாலு மணி நேரமும் ஆள் இருக்காங்க. நம்ம வச்ச சிஸ்டம் இருக்கு. வேற என்ன வேணும்?" என்றான். அப்பாவை அங்கே சேர்த்த மாதமே வேறு இரண்டு முதியோர் இல்லங்களின் வேலையும் அவனுக்குக் கிடைத்தது. தன் அப்பாவையே அங்கே விட்டிருக்கிற ஆள் என்றால் யாருக்குத்தான் நம்பிக்கை வராது?

அன்று ஞாயிற்றுக்கிழமை. காலையில் அண்ணன் போன் செய்தான்.

"பாப்பா, இன்னைக்கு அப்பாவைப் பார்க்கப் போவல்ல?"

"போவேன்."

"அப்படியே பெட்டியையும் பார்த்துடு. நாளைக்குப் புது ரிஸ்ட் பேண்ட் எல்லாம் வருது, கையிலேயே கட்டிக்கிற பெல். பழைய குப்பையைக் கழிச்சு வை."

அப்படியே. வாழ்க்கையில் அவன் எனக்குக் கொடுத்த வேலை எல்லாமே இந்தச் சொல்லோடுதான் வந்திருக்கிறது.

மாலை நான்கு மணிக்குப் போனேன். அப்பா விழித்திருந்தார். முகம் துடைத்து, தலை வாரி, ஊக்கு சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கீழே இறங்கினேன். தரைத் தளத்தில் தாழ்வாரத்தின் நடுவில் மெஷின் ரூம். பெட்டியும் மற்ற சாமான்களும் ஒரு இரும்பு ராக்கில் இருக்கும். எதிரில் ஒரு மேசை, ஒரு நாற்காலி. ஜன்னல் இருந்த இடத்தைப் பலகையால் அடைத்து ஏசி போட்டிருந்தார்கள். மூலையில் குளியலறை. அதன் சுவரில் வயதானவர்கள் பிடித்துக்கொள்கிற கம்பி. மெஷின்களுக்கு எதற்குக் குளியலறை என்று நான் முன்பே ஒருமுறை நினைத்ததுண்டு. அதோடு விட்டுவிட்டேன்.

கதவைச் சாத்திவிட்டு வேலையில் உட்கார்ந்தேன்.

5.43.

நேரம் எப்படித் தெரியும் என்றால், மேசையில் நான் சோதனைக்கு வைத்திருந்த கார்ட்லெஸ் அடித்தது. திரையைப் பார்த்தேன். நேரத்துக்குக் கீழே அழைப்பு வந்த இடம் இருந்தது.

அறை 9.

ஐந்து முறை அடித்தது. நின்றது. சரி, சிஸ்டர் போய்ப் பார்த்திருப்பார் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி அடித்தது. ஐந்து முறை. நின்றது. இடைவெளி. மறுபடி ஐந்து.

நானும் திரையில் மணியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒவ்வொரு நிமிடமும் ஐந்து. அவசரம் இல்லை. ஒன்று அடித்து, கொஞ்சம் பொறுத்து, இன்னொன்று. யாரோ எண்ணி எண்ணி அடிப்பது போல. எங்கேயோ ஒரு டைமர் மாட்டிக்கொண்டிருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இன்டர்காமில் சிஸ்டரைக் கூப்பிட்டேன். அந்த நேரத்தில் மூன்று தளத்துக்கும் அவர் ஒருவர்தான்.

"சிஸ்டர், ஒன்பதுல யார் இருக்காங்க? ரொம்ப நேரமா கூப்பிடுறாங்க."

"ஒன்பதா... எட்டுக்கு அப்புறம் பத்துதாம்மா. என் போன்ல ஒண்ணும் வரலையே. நீங்க எங்கேருந்து பேசுறீங்க?"

"மெஷின் ரூம்லேருந்து."

பின்னால் தட்டுகள் வைக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

"சாப்பாட்டு நேரம்மா. கை ஓயல," என்று சொல்லி வைத்துவிட்டார்.

பெட்டியைத் திறந்து பார்த்தேன். அறைகளின் வரிசையில் ஒன்பது இன்னும் இருந்தது. ஆஹா, இதுதான் பழைய குப்பை. இல்லாத அறைக்கு ஒரு இடம் மிச்சம் இருக்கிறது, அது உளறுகிறது. அழித்தேன். கார்ட்லெஸ் அடங்கியது.

அப்பாடா என்று தண்ணீர் பாட்டிலைத் திறந்தேன்.

டொக்... டொக்... டொக்... டொக்... டொக்.

இன்டர்காம். பேச்சு இல்லை. யாரோ ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் நகத்தால் தட்டுவது போல. இன்டர்காம் ஒயரும் மணி ஒயரும் வேறு வேறு. ஒன்றில் வந்த கோளாறு இன்னொன்றுக்கு அப்படியே தாவாது. தாவினாலும் இதே கணக்கில் தாவாது.

இன்டர்காமின் ஒயரைப் பிடுங்கினேன்.

ஒரு நிமிடம் அமைதி. பிறகு என் முதுகுக்குப் பின்னால், நான் சாத்திவிட்டு வந்த கதவின் பூட்டு...

கடக். கடக். கடக். கடக். கடக்.

திரும்பிப் பார்த்தேன். பூட்டின் பச்சை விளக்கு எரிந்து அணைந்தது. எனக்குக் கோபம்தான் வந்தது, பயம் இல்லை. அண்ணன் அரைகுறையாகச் செய்துவைத்த வேலைக்கு நான் ஞாயிற்றுக்கிழமை அழவேண்டியிருக்கிறதே என்ற கோபம். ஒன்பதாம் அறை எங்கே இருந்தது என்று பார்த்துவிடலாம் என்று கதவைத் திறந்து தாழ்வாரத்துக்கு வந்தேன்.

இடது பக்கக் கதவில் எண் எட்டு.

வலது பக்கக் கதவில் எண் பத்து.

நடுவில் நான் நின்றிருந்தேன்.

எத்தனை தடவை அந்த வழியாக நடந்திருப்பேன். எண்ணிப் பார்க்கத் தோன்றியதே இல்லை. மெஷின் ரூம் கதவில் எண் கழற்றிய இடத்தில் இரண்டு ஆணித் துளைகள். மேலே பெயின்ட் அடித்திருந்தார்கள்.

உள்ளே வந்து டார்ச்சை எடுத்து ராக்குக்குப் பின்னால் அடித்துப் பார்த்தேன். சுவரில், கட்டிலின் தலைமாட்டு உயரத்தில், மணி ஸ்விட்ச் மாட்டுகிற பிளேட். அதில் ஸ்விட்ச் இல்லை. ஒயர் வெட்டி, நுனியில் டேப் சுற்றியிருந்தது. டேப்பின் மேல் தூசி படிந்திருந்தது. யாரும் தொட்டு ரொம்ப நாளாகியிருந்தது.

இந்தப் பிளேட்டிலிருந்துதான் கூப்பிடுகிறார்கள்.

அப்போதுதான் கையில் ரோமம் சிலிர்த்தது. ஆனாலும் தொழில் புத்தி விடவில்லை. எதுவாக இருந்தாலும் எல்லாம் பெட்டி வழியாகத்தான் போகவேண்டும். பெட்டியை ஒரு நிமிடம் அணைத்து எழுப்பினால் அடங்கிவிடும். மணி 6.18. அடங்குகிறதா என்று பார்க்க கார்ட்லெஸ்ஸைக் கையில் எடுத்துக்கொண்டு பிளக்கைப் பிடுங்கினேன்.

பெட்டியின் விளக்குகள் எல்லாம் அணைந்தன. பேன் சத்தம் இறங்கி இறங்கி நின்றது. இப்போது இந்தக் கட்டடத்தில் எந்தக் கருவிக்கும் எந்தக் கருவியோடும் பேச்சு இல்லை. ஊமை.

ஏசியும் நின்றிருந்தது. அதை நான் அணைக்கவில்லை.

அந்த அமைதியில்...

கையிலிருந்த கார்ட்லெஸ் அடித்தது.

அறை 9.

நான் அழித்த எண். நான் அணைத்த பெட்டி.

ஐந்து முறை. நின்றது.

நாற்காலி எப்படி விழுந்தது என்று தெரியவில்லை. தாழ்வாரத்தில் ஓடினேன். சாப்பாட்டுக் கூடத்தின் பேச்சு தூரத்தில் கேட்டது. அந்தப் பக்கம்தான் ஓடியிருக்கவேண்டும். ஆனால் நடுவில் லிப்ட்.

டிங்.

கதவு திறந்தது. உள்ளே யாரும் இல்லை. மூடியது.

டிங். திறந்தது. மூடியது.

டிங்... டிங்... டிங்.

ஐந்தாவது தடவை மூடவில்லை. திறந்தபடியே நின்றது. உள்ளே பொத்தான்களில் ஒன்று மட்டும் எரிந்துகொண்டிருந்தது.

2.

இரண்டாம் தளம். அப்பா.

லிப்டில் ஏற எனக்குத் தைரியம் இல்லை. படிக்கட்டில் ஓடினேன். மூச்சு இரைத்தது. கையில் கார்ட்லெஸ் அதிர்ந்துகொண்டே வந்தது. அடித்தது, நின்றது, அடித்தது. விட்டெறியவும் முடியவில்லை. விரல் மடங்கிப்போய்விட்டது.

இரண்டாம் தளத் தாழ்வாரம் இருட்டு. நடக்க முடிந்தவர்கள் எல்லாரும் கீழே சாப்பிடப் போயிருந்தார்கள்.

கதவுகளுக்கு மேலே சிவப்பு விளக்குகள் எரிந்தன.

எல்லாம் ஒரே நேரத்தில். அணைந்தன. எரிந்தன. அணைந்தன.

ஐந்து முறை.

பத்து அறையில் ஒன்பது அறைக்கு விளக்கு எரிந்தது. ஒன்றே ஒன்று மட்டும் எரியவில்லை.

இருபத்திரண்டு.

கதவைத் தள்ளினேன்.

கட்டில் காலியாக இருந்தது.

"அப்பா..."

சத்தம் இல்லை. பிறகு கேட்டது. கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவிலிருந்து. ரொம்பச் சின்னச் சத்தம்.

டக்... டக்...

குனிந்து பார்த்தேன். அப்பா அந்த இடுக்கில் தலைகீழாகச் சரிந்து கிடந்தார். கட்டிலின் இரும்பு, நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்தது. உதடு நீலம் பாரித்திருந்தது. ஊக்கு பிய்ந்து, தலையணை உறையின் துண்டோடு ஸ்விட்ச் அவர் இடது கையில் இருந்தது. கட்டை விரல் இன்னும் அழுத்திக்கொண்டிருந்தது.

கட்டிலை எப்படி இழுத்தேன் என்று கேட்காதீர்கள். இழுத்தேன். அவர் மூச்சை இழுத்த சத்தம் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது.

அதற்கப்புறம் கார்ட்லெஸ் அடிக்கவே இல்லை.

ஆஸ்பத்திரியில் விலா எலும்பு இரண்டு முறிந்திருக்கிறது என்றார்கள். இன்னும் பத்து நிமிடம் போயிருந்தால் மூச்சு நின்றிருக்கும் என்றார் டாக்டர். அண்ணன் ஒன்பது மணிக்கு வந்தான். அப்பாவைக் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்துவிட்டு என்னைத் தாழ்வாரத்துக்குக் கூட்டிப்போனான்.

"பெட்டியை ஏன் அணைச்ச?"

அதுதான் அவன் கேட்ட முதல் கேள்வி.

"அணைச்சது 6.18. அப்பா அதுக்கு முன்னாடியே விழுந்துட்டார். அவர் பெல் ஏன் வரல?"

"ஸ்விட்ச் கோளாறா இருக்கும்."

"ஸ்விட்ச் நல்லாதான் இருக்கு. நான் பார்த்துட்டேன்."

அவன் சுற்றும் முற்றும் பார்த்தான். பிறகு லேப்டாப்பைத் திறந்து, என்னிடம் இதுவரை கொடுக்காத பாஸ்வேர்டைப் போட்டு, பெட்டியில் பதிவானதைப் பார்த்தான். நானும் அவன் தோளுக்கு மேலே பார்த்தேன். இருபத்திரண்டாம் அறையின் மணியைக் கோளாறு என்று முடிவு செய்து பெட்டி தானாகவே அடைத்திருந்தது. நேரம் 5.41.

ஒன்பதாம் அறை என்னைக் கூப்பிட ஆரம்பித்தது 5.43.

பெட்டி இப்படித் தானாக அடைக்கிற ரூலைப் பற்றிச் சொல்லவேண்டும். எங்கள் தொழிலில் அது சகஜம். ஏதாவது ஒரு கருவி பழுதாகி நிமிடத்துக்கு நூறு தடவை செத்துச் செத்துப் பிழைத்தால் மொத்த நெட்வொர்க்கும் திணறும். அதனால் ரொம்பக் கத்துகிற கருவியின் வாயைக் கட்டிவிடுவோம். பிறகு யாராவது வந்து கையால் அவிழ்த்துவிடும்வரை அது ஊமைதான். மெஷின்களுக்கு நல்ல ரூல். அதைக் கொண்டுபோய் ஒரு மனிதன் விரல் வைக்கிற மணிக்குப் போட எங்கள் தொழில்காரன் ஒருவனால்தான் முடியும்.

"எத்தனை வச்சிருக்க?" என்று கேட்டேன்.

"முதல்ல முப்பது வச்சிருந்தேன்."

"இப்ப?"

"நிமிஷத்துக்கு ஆறு அடிச்சா கட்டாகிடும்." குரலைத் தாழ்த்தினான். "மேனேஜர்தான் கேட்டாரு, பாப்பா. பெல் சத்தம் தாங்க முடியலன்னு சிஸ்டர் எல்லாம் வேலையை விட்டுப் போறாங்கன்னாரு. இன்னொரு ஆள் போடுங்கன்னு நான் சொல்ல முடியுமா? கேட்டதைச் செஞ்சு கொடுத்தேன்."

"விழுந்து கிடக்கிற மனுஷன் எண்ணி எண்ணியா அடிப்பான்?"

"எல்லாரும் செய்றதுதான். நீ சும்மா பெருசு பண்ணாத."

"அப்பாவுக்கும் அதே ரூல்தானா?"

அவன் லேப்டாப்பை மூடினான். அப்பாவுக்கு என்று தனியாக மாற்றி வைக்க வேண்டும் என்றுகூட அவனுக்குத் தோன்றியிருக்கவில்லை. எனக்கு எதை மன்னிக்க முடிந்தாலும் இதை மன்னிக்க முடியவில்லை.

மறுநாள் அப்பாவின் துணிமணிகளை எடுக்கப் போனேன். சிஸ்டர் மடித்துக் கொடுத்துக்கொண்டே, நான் கேட்காமலே ஆரம்பித்தார்.

"நேத்து ஒன்பதுன்னு கேட்டீங்களே, பயத்துல போனை வச்சுட்டேம்மா. அந்த மெஷின் ரூம்லதான் ஹாரன் இருந்தாரு."

"ஹாரனா?"

"நாங்க வச்ச பேரு. பழைய லாரி டிரைவர். ஸ்விட்சைக் கையில எடுத்தா விடமாட்டாரு. முன்னாடி வண்டி போகலன்னா அடிப்பாங்களே, அந்த மாதிரி அடிச்சிட்டே இருப்பாரு. தண்ணி வேணும்னாலும் அப்படித்தான், ஜன்னலைத் திறக்கச் சொன்னாலும் அப்படித்தான். திடீர்னு ஒரு நாள் சத்தமே இல்ல. இன்னைக்குத்தான் மனுஷன் நல்லா தூங்குறாருன்னு சிரிச்சுக்கிட்டோம்."

அவர் ஒரு சட்டையை இரண்டு தடவை பிரித்து மடித்தார்.

"காலைல போய்ப் பார்த்தா கட்டிலுக்குக் கீழ கிடந்தாரு. ஸ்விட்ச் கையில இருந்துச்சு. விரலைப் பிரிச்சு எடுக்கவே முடியல. உங்க அண்ணன்தான் வந்து பார்த்து, ஸ்விட்ச் கோளாறுன்னு சொல்லி ஒயரை வெட்டிட்டுப் போனாரு. அப்புறம் அந்த ரூமை யாரும் கேட்கல. மெஷினுக்குன்னா பரவாயில்லன்னு விட்டுட்டாங்க."

ஆக, அண்ணனுக்குத் தெரியும். ஒருவரைக் கொன்ற ரூல் என்று தெரிந்தேதான் அதை அப்படியே விட்டுவைத்து, அதே கட்டடத்தில் அப்பாவைக் கொண்டுவந்து சேர்த்தான். அந்த அறைக்குள்ளேயே நாற்காலி போட்டு என்னையும் உட்காரவைத்தான்.

அப்பாவை வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டேன். அவனிடம் வேலை செய்வதையும் நிறுத்திவிட்டேன். அந்த இல்லத்தில் ரூலை எடுத்துவிட்டதாகச் சொல்கிறான். மற்ற இரண்டு இல்லங்களைப் பற்றிக் கேட்டால் போனை வைத்துவிடுகிறான்.

அந்த மணிச் சத்தத்தை நினைத்துக்கொண்டே ரொம்ப நாள் தூக்கமில்லாமல் இருந்தேன். ஏன் ஐந்து? ஒரு இரவு சட்டென்று பிடிபட்டது. ஆறு அடித்தால் வாயைக் கட்டிவிடும். ஐந்து அடித்தால் கட்டாது. உயிரோடு இருந்தவரை ஹாரனை விடாமல் அடித்த அந்த மனிதர், செத்த பிறகு எண்ணக் கற்றுக்கொண்டிருக்கிறார். ஐந்து அடித்துவிட்டு, நிமிடம் கழியும்வரை பொறுத்து, மறுபடி ஐந்து. அந்த எண் அண்ணனுக்கு மட்டும்தான் தெரியும். எனக்கே தெரியாது.

இதோடு முடிந்திருந்தால் ஒருவேளை இதை எழுதியிருக்கமாட்டேன்.

வீட்டில் அப்பாவின் கட்டிலுக்கு ஒரு சாதாரண காலிங் பெல் மாட்டினேன். பட்டனிலிருந்து மணிக்கு ஒரு ஒயர். நடுவில் பெட்டி கிடையாது, ரூல் கிடையாது. அழுத்தினால் அழுத்தியபடி அடிக்கும்.

முதல் நாள் நான் அடுப்படியில் இருந்தேன். மணி அடித்தது. கையைத் துடைத்துக்கொண்டு கிளம்புவதற்குள் நின்றுவிட்டது. ஏதோ தெரியாமல் கைபட்டிருக்கும் என்று திரும்பினேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி அடித்தது.

இந்தத் தடவை எண்ணினேன்.

ஐந்து.

நின்றது.

வாசலில் போய் நின்று பார்த்தேன். அப்பா என்னைப் பார்க்கவில்லை. அவர் பார்வை சுவர்க் கடிகாரத்தில் இருந்தது. விக்கலில் நெஞ்சு குலுங்கிக்கொண்டிருந்தது, தண்ணீர் வேண்டும். கட்டை விரல் பட்டனைத் தொட்டபடி, அழுத்தாமல், நிமிடம் கழியக் காத்துக்கொண்டிருந்தார்.

தண்ணீர் கொடுத்தேன். பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அப்பா, இங்க எத்தனை தடவை வேணும்னாலும் அடிக்கலாம்ப்பா. ஒண்ணும் ஆகாது."

கூடாது என்று தலையை ஆட்டினார். இடது கையை உயர்த்தி ஐந்து விரலையும் விரித்துக் காட்டினார்.

"யாருப்பா சொல்லிக் கொடுத்தது?"

அப்பா கொஞ்சம் யோசித்தார். பிறகு அந்த ஒற்றைக் கையை நெஞ்சுக்கு நேராகக் கொண்டுவந்து, பெரிய ஸ்டியரிங் ஒன்றைப் பிடிப்பது போல விரல்களை மடக்கி, மெதுவாகத் திருப்பிக் காட்டினார்.

ஹாரன் இறந்து பத்து மாதம் கழித்துத்தான் அப்பா அந்த இல்லத்துக்கே வந்தார். ஹாரன் லாரி ஓட்டியவர் என்று நான் அப்பாவிடம் இன்றுவரை சொல்லவில்லை.